தேடிய தேட்டமும் முதுசொமும்: அமெரிக்காவின் இரு தலைமுறைகள்

பெற்றார் பிள்ளைகளைக் குறைகூறுவதும், பிள்ளைகள் பெற்றாரைக் குறைகூறுவதும் எந்த நாட்டிலும் எந்தக் காலத்திலும் உள்ள வழக்கு. ஐக்கிய அமெரிக்காவிலே இன்று நடைபெறுகின்ற வழக்கு மட்டும் சிறிது விசித்திரமானது. அங்கே இரு கட்சியினருக்கும் பெயர் இடப்பட்டிருக்கின்றது. இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை பிறந்தோர் இன்ன கட்சியினர் என்று எல்லையும் வகுக்கப்பட்டிருக்கின்றது. பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் அரசாங்கப் புள்ளிவிபரப் பகுதியினரும் இரு தரப்பாருக்கும் வேண்டிய கணக்குகளை எழுதிக் கொடுக்கின்றனர்.

1946 ஆம் ஆண்டு தொடக்கம் 1964 ஆம் ஆண்டு வரை பிறந்தோரை அந்நாட்டார் ‘பேபி பூமர்’ என அழைக்கின்றனர். தமிழிலே பெருக்கத் தலைமுறை எனலாம். இரண்டாம் உலக யுத்தம் முடிந்து படைவீரர்கள் வீடு திரும்பினர், மணம் முடித்தனர், தொட்டில்கள் நிறைந்தன. அந்தப் பத்தொன்பது ஆண்டுகளில் ஏறக்குறைய 7 கோடி 60 இலட்சம் குழந்தைகள் பிறந்தன. 1957 ஆம் ஆண்டில் மாத்திரம் பிறந்தவை 43 இலட்சம். பில் கிளின்டன், ஜோர்ஜ் டபிள்யூ. புஷ், டொனால்ட் டிரம்ப் ஆகிய மூன்று ஜனாதிபதிகளும் 1946 ஆம் ஆண்டின் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்னும் அடுத்தடுத்த மூன்று மாதங்களிற் பிறந்தவர்கள் என்றால், இத்தலைமுறை அந்நாட்டின் அரசியலை எவ்வளவு காலம் தன் கையில் வைத்திருந்தது என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். இவர்களுடைய பிள்ளைகளிற் பெரும்பாலோர் 1980 ஆம் ஆண்டுக்குப் பின் பிறந்தவர்கள். ‘மிலேனியல்’ என்பது அவர்களுக்கு வழங்கும் பெயர். இளைஞர் என்று சொல்லிச் சொல்லியே அவர்களும் இப்போது முப்பதையும் நாற்பதையும் எட்டிவிட்டனர்.

முதியவர்கள் தரப்பு வாதம் எளிதானது. தாங்கள் உழைத்தார்கள், சிக்கனமாக வாழ்ந்தார்கள், காலத்தில் மணம் முடித்தார்கள், வீடு வாங்கினார்கள். பிள்ளைகளோ நிலையான உத்தியோகத்தையும் நாடவில்லை, குடும்பப் பொறுப்பையும் ஏற்கவில்லை என்பது அவர்கள் கூற்று. பிள்ளைகள் தரப்பு வாதமும் எளிதானதே. ஏணியில் ஏறியவர்கள் ஏறி முடிந்ததும் ஏணியை எடுத்துவிட்டார்கள் என்கின்றனர். இரு சாராரும் இதனைக் குணத்தின் குற்றமாகவே பேசுகின்றனர். 1960 ஆம் ஆண்டில் அமெரிக்க ஆடவர் முதன்முறை மணம் முடிக்கும் நடு வயது 22.8, பெண்டிருக்கு 20.3. 2023 ஆம் ஆண்டில் அது ஆடவருக்கு 30.2 ஆகவும் பெண்டிருக்கு 28.4 ஆகவும் உயர்ந்துவிட்டது. இக்கணக்கைக் காட்டி, பொறுப்புணர்ச்சி குன்றிவிட்டது என்று ஒருவர் சொல்வார். முன்யோசனை வளர்ந்துவிட்டது என்று மற்றொருவர் சொல்வார்.

குணத்தைப் பற்றிய இத்தகைய வாதங்களைச் சிறிது ஐயத்தோடு நோக்கவேண்டும் என்பதற்கு நல்ல ஆதாரம் ஒன்றுண்டு. கிளென் எல்டர் என்ற சமூகவியலாளர் 1974 ஆம் ஆண்டில் ஒரு நூலை வெளியிட்டார். கலிபோர்னியாவின் ஓக்லந்து நகரிலே 1920, 1921 ஆம் ஆண்டுகளிற் பிறந்த பிள்ளைகளைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சியின் பயன் அந்நூல். அப்பிள்ளைகள் பெருக்கத் தலைமுறையினரின் தாய் தந்தையர் வயதினர். 1930களின் பொருளாதார மந்தத்தில் வருமானத்தை இழந்த குடும்பங்களிலே பையன்கள் சிறு வயதிலேயே கூலிவேலைக்குச் சென்றனர். பெண்பிள்ளைகள் வீட்டு வேலைகளைப் பொறுப்பேற்றனர். வளர்ந்த பின் குடும்பத்தையே அவர்கள் பெரிதாக மதித்தனர். அம்மதிப்பை அவர்களுக்கு எவரும் உபதேசித்துக் கற்பிக்கவில்லை. தந்தைக்கு வேலை போன வீட்டில் அது தானாக வந்து சேர்ந்தது.

ஆகவே குணங்களை ஒருபுறம் வைத்துவிட்டு, ஒரு தலைமுறையின் கைக்கு என்ன வந்தது, அதன் கையிலிருந்து என்ன போயிற்று என்று கேட்பது பயனுடையது. பரந்த அமெரிக்கா முழுவதையும் ஒரு பேச்சில் அடக்க இயலாது. கலிபோர்னியா மாநிலத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும். இந்த வழக்கின் எல்லா ஆவணங்களும் அங்கே கிடைக்கின்றன.

யுத்தம் முடியுமுன்னரே, 1944 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 22 ஆந் திகதி, ஜனாதிபதி ரூஸ்வெல்ட் படைவீரர் மறுவாழ்வுச் சட்டத்திற் கையொப்பமிட்டார். திரும்பிவரும் வீரருக்குப் படிப்புச் செலவும், வீடு வாங்க அரசாங்கம் பிணைநிற்கும் கடனும் அச்சட்டத்தினாற் கிடைத்தன. ஏறக்குறைய 78 இலட்சம் வீரர்கள் அச்சட்டத்தின் கீழ்ப் படித்தனர் அல்லது தொழில் பயின்றனர். லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குத் தெற்கே, விளைநிலமாகக் கிடந்த வெளியிலே, 1950 ஆம் ஆண்டு தொடங்கி மூன்று ஆண்டுகளில் 17,500 வீடுகள் எழுந்தன. லேக்வுட் என்பது அவ்வூரின் பெயர். படைவீரர் ஒருவர் முற்பணம் எதுவும் கட்டாமல், நூற்றுக்கு 4 வட்டியில், முப்பது ஆண்டுத் தவணையில் அங்கே ஒரு வீட்டுக்கு உரியவராகலாம். தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவரின் சம்பளம் அதற்குப் போதுமாயிருந்தது. அவ்வகை வீடுகளிலேதான் பெருக்கத் தலைமுறை தவழ்ந்தது. 1955 ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில் சோல்க் என்பவரின் இளம்பிள்ளைவாதத் தடுப்பூசி பயன் தருவது என்று அறிவிக்கப்பட்டபோது, அந்நாட்டின் ஊர்களிலே தேவாலய மணிகள் ஒலித்தன. தாய்மாரின் பெரிய அச்சம் ஒன்று அன்றோடு தீர்ந்தது.

பிள்ளைகள் வளர்ந்தனர், பள்ளிகள் போதவில்லை, பள்ளிகள் கட்டப்பட்டன. அடுத்து அவர்கள் பல்கலைக்கழகத்துக்கு வருவார்கள் என்று கணக்குப் பார்த்து, 1960 ஆம் ஆண்டில் கலிபோர்னியா ஒரு பெருந்திட்டத்தைச் சட்டமாக்கியது. அதனை வகுப்பதில் முன்னின்றவர் பல்கலைக்கழகத் தலைவர் கிளார்க் கெர். உயர்நிலைப் பள்ளி மாணவருள் மேலான எட்டில் ஒரு பங்கினருக்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் இடம்; மேலான மூன்றில் ஒரு பங்கினருக்கு மாநிலக் கல்லூரிகளில் இடம்; எஞ்சிய எவருக்கும் இரண்டாண்டுக் கல்லூரிகளில் இடம். போதனைக் கட்டணம் இல்லை. சில்லறைச் செலவுகளுக்கென ஒரு சிறு தொகை மட்டும் அறவிடப்பட்டது. பாலர் வகுப்பு முதற் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வியை 1945 முதலாகக் கண்ட இலங்கை நேயர்களுக்கு இது வியப்பாயிராது. அமெரிக்காவில் அது வியப்புத்தான்.

இப்பொதுச் செல்வத்தின் வாயிலில் ஒரு காவலாளியும் நின்றான் என்பதை மறைத்தல் நேர்மையன்று. லேக்வுட் போன்ற ஊர்கள் நடைமுறையில் வெள்ளையருக்கே உரியனவாயிருந்தன. கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில் வீட்டுக் கடனுக்கு அரசாங்கம் பிணைநிற்க மறுத்தது. ஒரே யுத்தத்திற் போராடிய கறுப்பின வீரர் பலருக்கு அச்சட்டத்தின் நன்மைகள் ஏட்டளவில் நின்றுபோயின. வீடு விற்பதிலும் வாடகைக்குக் கொடுப்பதிலும் நிறபேதம் காட்டலாகாது என்று கலிபோர்னியாச் சட்டசபை 1963 ஆம் ஆண்டில் விதித்தது. அடுத்த ஆண்டு நவம்பர் மாதச் சர்வசன வாக்கெடுப்பிலே, ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு வாக்காளர் அந்த விதியைத் தள்ளுபடி செய்தனர். நீதிமன்றங்கள் தலையிட்டு 1966 இலும் 1967 இலும் அவ்வாக்கெடுப்பைச் செல்லாதாக்க வேண்டியிருந்தது. அன்று வாக்களித்தவர்கள் பெருக்கத் தலைமுறையின் பெற்றார். பிள்ளைகளுக்கு அப்போது வாக்குரிமை வயது ஆகவில்லை.

அதே 1964 ஆம் ஆண்டின் பிற்பகுதியிலேதான், பெருக்கத் தலைமுறையின் மூத்தவர்கள் பதினெட்டு வயதுடன் பேர்க்கிலி நகரப் பல்கலைக்கழகத்தின் வாயிலிற் காலடி வைத்தனர். பல்கலைக்கழக வளவில் அரசியல் பேசும் உரிமைக்காக அங்கே பெருங் கிளர்ச்சி எழுந்தது. அக்டோபர் மாதத்திலே, முன்னாள் மாணவர் ஒருவரைக் கைதுசெய்து ஏற்றிய பொலிஸ் வண்டியை ஏனையோர் சூழ்ந்து அமர்ந்து, முப்பத்திரண்டு மணித்தியாலம் நகரவிடவில்லை. டிசம்பரில் நிருவாகக் கட்டடத்துக்குள் அமர்ந்த ஏறக்குறைய 800 பேரைப் பொலிசார் கைதுசெய்தனர். கிளர்ச்சியின் முதன்மைப் பேச்சாளரான மாரியோ சேவியோ 1942 இற் பிறந்தவர். கணக்கின்படி அவர் பெருக்கத் தலைமுறையைச் சேர்ந்தவரே அல்லர். குடியுரிமைப் போராட்டத்தின் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் 1929 இற் பிறந்தவர். பெருக்கத் தலைமுறையின் சாதனைகள் என்று பின்னாளில் எழுதப்பட்டவற்றுட் பல, அதற்கு முந்தியவர்கள் தொடங்கி வைத்தவை. கூட்டத்தின் பெருந்தொகையைக் கொடுத்தது மட்டும் இத்தலைமுறை. ஆயினும் கூட்டமின்றித் தலைவர் எதையும் சாதித்ததில்லை என்பதும் உண்மையே.

அமெரிக்க முதியோர் பலர் அந்நாளில் இக்குழப்பத்துக்கெல்லாம் ஒரு மருத்துவரையே பழித்தனர். குழந்தையை அதட்டாமல் அன்போடு வளர்க்குமாறு 1946 இல் நூலெழுதிய பெஞ்சமின் ஸ்பொக் அவர். அந்நூல் இலட்சக்கணக்கான வீடுகளில் இருந்தது. அம்மருத்துவரே 1968 இல், கட்டாய இராணுவ சேவையை மறுக்குமாறு இளைஞருக்கு ஆலோசனை கூறச் சதிசெய்தார் என்று குற்றவாளியாக்கப்பட்டு, அடுத்த ஆண்டு மேன்முறையீட்டில் விடுபட்டார்.

இத்தலைமுறை தானாகத் தேடி வைத்த முதுசொமும் இல்லாமல் இல்லை. வெவ்வேறு இனத்தவர் மணம் முடித்தலை ஒப்புக்கொண்ட அமெரிக்கர் 1958 ஆம் ஆண்டு அபிப்பிராய வாக்கெடுப்பில் நூற்றுக்கு 4 பேர். 2021 இல் 94 பேர். ஒரு நாட்டின் மனம் இவ்வளவு தூரம் நகர்ந்ததற்குப் பெருக்கத் தலைமுறை தன் வீட்டில் பிள்ளைகளுக்கு எதைச் சொன்னது, எதைச் சொல்லாமல் விட்டது என்பதும் ஒரு காரணம். கணவன் கையொப்பமின்றிப் பெண்ணுக்குக் கடன் மறுத்த வழக்கத்தை 1974 ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. 1970 ஆம் ஆண்டு ஏப்ரில் 22 ஆந் திகதி, காற்றையும் நீரையும் காக்கவேண்டும் என்று ஏறக்குறைய இரண்டு கோடி மக்கள் கூடினர். இன்றைய பிள்ளைகள் பெற்றாரைச் சாடுவதற்கு எடுக்கும் சொற்களிலே பாதி, பெற்றாரிடமே கற்றவை.

ஆனால் வியட்நாம் யுத்தம் இத்தலைமுறையின் உள்ளத்திலே ஒரு கசப்பை விதைத்தது. ஏறக்குறைய 27 இலட்சம் பேர் அங்கு அனுப்பப்பட்டனர். 58,000 பேருக்கு மேல் மாண்டனர். பல்கலைக்கழக மாணவருக்குச் சேவையைப் பின்போடும் சலுகை இருந்தமையால், தொழிலாளர் வீட்டுப் பையன்களே பெருமளவிற் சென்றனர். தொடர்ந்து 1974 இல் ஒரு ஜனாதிபதி வாட்டர்கேட் ஊழலினாற் பதவி துறந்தார். அரசாங்கம் பெரும்பாலும் நேர்மையாக நடக்கும் என நம்பிய அமெரிக்கர் 1964 இல் நால்வருள் மூவருக்கு மேல்; 1980 இல் மூவருள் ஒருவர்கூட இல்லை. அரசாங்கம் தன்னைப் போருக்கு இழுக்கக்கூடாது என்ற கோபமும், அரசாங்கம் தன் பணத்தைத் தொடக்கூடாது என்ற கோபமும் வெவ்வேறு கட்சிகளிற் பேசப்பட்டாலும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. தனிமனித சுதந்திரம் என்பது இத்தலைமுறையின் தாரக மந்திரம். அந்த மந்திரத்தின் விலைச்சீட்டு 1978 இல் வந்தது.

நம் ஊர்களிற் சோலைவரி என்று வழங்கும் வீட்டுவரியே கலிபோர்னியாவின் பள்ளிகளுக்கும் ஊராட்சிகளுக்கும் முக்கிய வருமானம். 1970களிலே வீட்டு விலைகள் விரைந்தேற, வரியும் ஏறிற்று. வீட்டை விற்க எண்ணாத, ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்களுக்கு, கையில் வராத இலாபத்துக்கு வரி கட்டும் நிலை நேர்ந்தது. அவர்களுடைய முறைப்பாடு நியாயமானது, சட்டசபை காலத்தில் தீர்த்திருக்கலாம், தீர்க்கவில்லை. 1978 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 13 ஆம் இலக்கப் பிரேரணை சர்வசன வாக்கெடுப்புக்கு வந்து, ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு வாக்குகளால் நிறைவேறிற்று. அதனைக் கொணர்ந்தவர்களுள் ஹவர்ட் ஜார்விஸ் 1903 இலும், போல் கான் 1912 இலும் பிறந்தவர்கள். ஆகவே இதனைப் பெருக்கத் தலைமுறையின் சதி என்று பிள்ளைகள் சொல்வது வரலாறன்று. அப்போது அத்தலைமுறையின் மூத்தவருக்கு முப்பத்திரண்டு வயது, இளையவருக்குப் பதினாலு. சட்டத்தை எழுதியவர்கள் முதியவர்கள். அதனை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அனுபவித்துக் காவல் காத்தவர்களோ இவர்கள்.

சட்டத்தின் உட்பொருள் இதுதான். வீட்டுவரி மதிப்பில் நூற்றுக்கு 1 வீதத்துக்கு மேற்படலாகாது. அந்த மதிப்போ, வீடு விற்கப்படும் வரை ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு 2 வீதத்துக்கு மேல் உயரலாகாது. உதாரணமாக, ஒருவர் 1975 இல் 40,000 டொலருக்கு ஒரு வீட்டை வாங்கினார் என்று வைத்துக்கொள்ளலாம். நாற்பத்தைந்து ஆண்டு கழிந்தும் வரிக்குரிய மதிப்பு 98,000 டொலரைத் தாண்டாது. வரி ஆயிரம் டொலருக்கும் குறைவு. அடுத்த வளவில் அதேபோன்ற வீட்டை 2020 இல் பத்து இலட்சம் டொலருக்கு வாங்கிய இளங் குடும்பம் பதினாயிரம் டொலர் கட்டும். ஒரே தெரு, ஒரே குப்பை வண்டி, ஒரே தீயணைக்கும் படை. பெறும் சேவை ஒன்று, கொடுக்கும் விலை பத்து மடங்கு.

1988 இல் லொஸ் ஏஞ்சல்சில் வீடு வாங்கிய ஒரு பெண்மணி, தன் வீட்டைப் போன்ற வீடுகளை 1975 முதல் வைத்திருக்கும் அயலார் சிலரிலும் ஏறக்குறைய ஐந்து மடங்கு வரி தன்னிடம் அறவிடப்படுகின்றது என்று வழக்குத் தொடுத்தார். வழக்கு அமெரிக்க உயர் நீதிமன்றம் வரை சென்றது. 1992 இல் எட்டு நீதியரசர்கள் சட்டம் செல்லும் என்றனர். ஜோன் போல் ஸ்டீவன்ஸ் ஒருவர் மட்டும் மாறுபட்ட தீர்ப்பெழுதி, பிறப்பு வழியைப் பார்த்துச் சலுகை கொடுக்கும் இவ்வேற்பாடு பழைய நிலமானிய காலத்துக்குரியது என்று கண்டித்தார்.

அச்சலுகையின் விலை வேறோரிடத்தில் அறவிடப்பட்டது. சட்டம் நிறைவேறிய உடனே வீட்டுவரி வருமானம் பாதிக்கு மேல் விழுந்தது. முன்னர் நாட்டில் முன்னணியில் நின்ற கலிபோர்னியாப் பள்ளிகளின் செலவு, மாணவர் தலைக்கு இவ்வளவு என்று பார்க்கையில், பின்னாளிற் பல்லாண்டுகள் நாட்டின் சராசரிக்குக் கீழே கிடந்தது. பள்ளிப் பணத்தைச் சமமாகப் பங்கிடுமாறு 1971 இல் வந்த நீதிமன்றத் தீர்ப்பு முதலிய வேறு காரணங்களும் உண்டு. ஒரு சட்டத்தின் தலையிலேயே எல்லாப் பழியையும் போடுதல் தகாது. பல்கலைக்கழகத்திலே 1970 இற் சிறிதாகத் தொடங்கிய கல்விக் கட்டணம், 2024 இல் கலிபோர்னிய மாணவருக்கே ஆண்டுக்கு 14,000 டொலரைத் தாண்டியது. வறிய மாணவர் பலருக்கு உதவிப்பணம் கிடைக்கின்றது. ஆனால் உதவிப்பணத்தை வாடகை விழுங்குகின்றது.

அந்த வாடகையின் வரலாறு வீட்டின் வரலாறுதான். 1970 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி கலிபோர்னியா வீட்டின் நடு விலை 23,100 டொலர். 2024 இல் அது 8 இலட்சம் டொலருக்கு மேல். இதற்கிடையில் பொதுவான விலைவாசி ஏறியது ஏறக்குறைய எட்டு மடங்கு. வீட்டின் விலையோ முப்பது மடங்குக்கு மேல். மக்கள் தொகைக்கு ஏற்பப் புதிய வீடுகள் எழவில்லை. எழாமைக்கு ஊராட்சி விதிகள் ஒரு காரணம். காற்றையும் நீரையும் காக்க 1970 இல் இயற்றிய நல்ல சட்டத்தையே, தம் தெருவில் மாடிவீடு வராமல் தடுக்க வீட்டுக்காரர் கையாண்டது இன்னொரு காரணம். மரத்தைக் காக்கிறோம் என்று சொல்லி நிழலை வேலியடைத்துக்கொண்டனர்.

தேசவழமை அறிந்த யாழ்ப்பாணத்து நேயர்களுக்குத் தேடிய தேட்டத்துக்கும் முதுசொத்துக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. அமெரிக்க முதியவர் தம் வீட்டைத் தேடிய தேட்டம் என்கிறார். தவணை கட்டியது அவர், கூரை மாற்றியது அவர், அது பொய்யன்று. ஆனால் 23,100 டொலர் 8 இலட்சமானது அவருடைய உழைப்பினாலன்று. பெற்றார் வரியால் எழுந்த பல்கலைக்கழகம், பிறர் வீடு கட்டாமற் காத்த விதி, அயலான் செலுத்திய வரி ஆகியன சேர்ந்து தந்தது அது. பொதுச் சொத்தாகக் கைக்கு வந்தது தனிச் சொத்தாகக் கைமாறுகின்றது. முந்திய காலத்திலே தொழிலாளியின் பிள்ளையும் மருத்துவரின் பிள்ளையும் ஒரே இலவசப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றனர். இன்றோ, கரையோர நகரில் வீடுள்ள பெற்றாருக்குப் பிறந்த பிள்ளைக்கு ஒரு கலிபோர்னியா. வாடகை வீட்டிற் பிறந்த பிள்ளைக்கு வேறொரு கலிபோர்னியா.

‘அவர்களுடைய பிள்ளைகள்’ என்ற சொல்லுக்கும் கலிபோர்னியாவிற் பொருள் மாறிவிட்டது. 1965 ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் ஆசிய மக்களுக்குக் கதவைத் திறந்தது. அக்கதவால் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தமிழ் மருத்துவர்களும் பொறியியலாளரும் சென்று குடியேறினர். மெக்சிக்கோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் பெருந்தொகையானோர் வந்தனர். இன்று கலிபோர்னியாப் பொதுப்பள்ளி மாணவருட் பாதிக்கு மேற்பட்டோர் இலத்தீன் அமெரிக்க வழிவந்தவர்கள். வரி கொடுக்கத் தயங்கிய முதிய வாக்காளரின் கண்ணிலே, பள்ளியில் இருந்த பிள்ளைகள் தம் பேரப்பிள்ளைகளைப் போலத் தோன்றவில்லை. தம் இனத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டிய கை, அயலினத்துப் பிள்ளைகளுக்குச் சுருங்கிற்று என்றே கொள்ளவேண்டியிருக்கின்றது. இது கசப்பான முடிவு. லேக்வுட்டின் வாயிலில் நின்ற காவலாளி எங்கும் போய்விடவில்லை. இடம் மாறி நின்றான்.

பிள்ளைகளின் நிலையை விரித்துரைக்க வேண்டியதில்லை. சில எண்களே பேசும். புதுடில்லியிற் பிறந்த பொருளியலாளர் ராஜ் செட்டியும் அவருடன் ஆராய்ந்தவர்களும் கண்ட கணக்கின்படி, 1940 இற் பிறந்த அமெரிக்கருள் நூற்றுக்கு 90 பேர் தம் பெற்றாரிலும் கூடுதலாக உழைத்தனர்; 1980களிற் பிறந்தோருள் அப்படி உழைத்தவர் நூற்றுக்கு 50 பேர் அளவினர்தான். முதன்முறை வீடு வாங்குவோரின் நடு வயது 1981 இல் 29. 2024 இல் 38. கல்விக்காக நடுவணரசிடம் கடன்பட்டவர்கள் 4 கோடிக்கு மேல்; கடன் 1.6 இலட்சம் கோடி டொலருக்கு மேல். கல்விக்கு வட்டி கட்டும் ஒருவர் மணத்தைத் தள்ளிப்போடுவதற்கு, முன்யோசனையையோ பொறுப்பின்மையையோ காரணமாகத் தேடிச் செல்லவேண்டுமா?

விவாகரத்தும் இதிற் சேர்ந்தது. எவர் மீதும் குற்றம் நாட்டாமலே மணமுறிவு பெறலாம் என்ற சட்டம் அமெரிக்காவில் முதன்முதலாக 1970 இற் கலிபோர்னியாவில் நடைமுறைக்கு வந்தது. பெற்றார் பிரிந்ததைக் கண்டு வளர்ந்தவர்கள் மணத்துக்கு முன் நின்று நிதானிக்கின்றனர். இதனைத் துணிவின்மை என்று பெற்றாரே சொல்வது சற்று வேடிக்கைதான்.

1964 இல் மாணவர் பேச்சுரிமைக்காகக் குந்தியிருந்த அதே பல்கலைக்கழகத்திலே, 2022 ஆம் ஆண்டு நவம்பரில் வேறொரு போராட்டம் எழுந்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் எல்லாக் கிளைகளிலும் கற்பித்தலிலும் ஆராய்ச்சியிலும் ஈடுபட்டிருந்த 48,000 பேர் வேலைநிறுத்தஞ் செய்தனர். ஏறக்குறைய ஆறு வாரம் அது நீடித்தது. அமெரிக்க உயர்கல்வி வரலாற்றில் அதனிலும் பெரிய வேலைநிறுத்தம் அதற்குமுன் நிகழ்ந்ததில்லை. அவர்கள் கேட்டது சம்பள உயர்வு. காரணம் வீட்டு வாடகை. தாய் தந்தையர் தனிமனித சுதந்திரத்தைக் கேட்டனர். பிள்ளைகள் தொழிற்சங்கத்தைக் கேட்டனர். வாடகையும் பசியும் இல்லாத இடத்திலிருந்து எழுந்த கோரிக்கை முன்னையது. வாய்த்த நிலைமைதான் வேறு. பிள்ளைகளை ஆத்மிகத்திற் குறைந்தவர் என்றோ பெற்றாரைப் பேராசைக்காரர் என்றோ இதைக்கொண்டு தீர்த்துவிட முடியாது.

பிள்ளைகளும் குற்றமற்றவர்கள் அல்லர். வணிகக் கட்டடங்களுக்காவது இன்றைய விலைக்கு வரிவிதித்துப் பள்ளிகளுக்குக் கொடுக்கலாம் என்ற பிரேரணை 2020 நவம்பரில் வாக்கெடுப்புக்கு வந்தது. நூற்றுக்கு 52 பேர் எதிர்த்துத் தோற்கடித்தனர். வீடு வாங்கிய மறுநாளே பழைய சட்டத்தின் பக்கம் சாய்வது எவருக்கும் எளிது. ஆண்டுதோறும் தன் வரி உயராமற் காக்கும் சட்டம் அது. வடகலிபோர்னியாவில் முப்பது ஆண்டுக்கு முன் வீடு வாங்கிய தமிழ்க் குடும்பத்துக்கும் அது காவல். சென்ற ஆண்டு வந்த தமிழ்க் குடும்பத்துக்கு அது சுமை. இரு வீட்டாரும் ஒரே கோயிலுக்குச் செல்லவுங்கூடும்.

இனி முதுசொம் பிரியுங் காலம். பெருக்கத் தலைமுறையின் மூத்தவர்களுக்கு 2026 ஆம் ஆண்டில் எண்பது வயது. 1986 இல் நிறைவேறிய 58 ஆம் இலக்கப் பிரேரணையின்படி, வீட்டோடு பெற்றாரின் பழைய வரியும் பிள்ளைக்குச் சேர்ந்தது. பிள்ளை அவ்வீட்டில் வாழாமல் வாடகைக்கு விட்டாலும் அச்சலுகை உண்டு. 2020 இல் மிகச் சிறிய பெரும்பான்மையால் நிறைவேறிய 19 ஆம் இலக்கப் பிரேரணை அதனை மாற்றிவிட்டது. 2021 பெப்ரவரிக்குப் பின் வீட்டைப் பெறும் பிள்ளை, ஓராண்டுக்குள் அதையே தன் இருப்பிடமாக்கிக்கொண்டால்தான் பழைய வரி. அதற்கும் ஓர் உச்ச எல்லை உண்டு. ஐம்பத்தைந்து வயது கடந்தோருக்கோ, தம் குறைந்த வரியை மாநிலத்தில் எங்கு வீடு மாறினாலும் கூடவே எடுத்துச்செல்லும் வசதியை அதே பிரேரணை விரித்துக் கொடுத்தது. வாடகை தாங்காமல் டெக்சாசுக்கோ அரிசோனாவுக்கோ குடிபெயர்ந்து, அங்கே தொழிலும் பள்ளியுமாக வேரூன்றிவிட்ட மகனோ மகளோ, தாயின் ஈமக்கடன்களை முடித்த கையோடு கணக்கெழுத உட்கார வேண்டியிருக்கின்றது. திரும்பி வந்து வளர்ந்த வீட்டிலே குடியேறுவதா, புதிய விலைக்கு வரி கட்டுவதா, விற்றுப் பணமாக்கி உடன்பிறந்தாரோடு பங்கிடுவதா என்று முடிவு செய்ய அவர்களுக்குச் சட்டம் கொடுத்திருப்பது பன்னிரண்டு மாதம்.